பாக்சோய், பெச்சாய், பேச்சு

சிங்கப்பூருக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்குப் பக்கத்து ஈரச்சந்தையில் காய்கறிக்கடை ஆன்ட்டியிடம் "பைச்சாய் ஒரு கட்டு" என்று கேட்டேன். ஒரு சீனச் சொல்லைத் தடுமாறாமல் சொல்லிவிட்ட பெருமிதம் எனக்கு. ஆன்ட்டி அசரவில்லை. "எந்த பைச்சாய்?" என்று கேட்டுவிட்டு, ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். முதல் தட்டில் சுண்ணாம்பு அடித்தது போன்ற தடித்த வெள்ளைத் தண்டும் கரும்பச்சை இலையும். அடுத்ததில் தண்டு, இலை எல்லாமே வெளிர்பச்சை. தண்டின் அடிப்பக்கம் கரண்டி மாதிரி குழிந்திருந்தது. மூன்றாவதில் உள்ளங்கையில் அடங்கும் குட்டைச் செடி, இலையெல்லாம் சுருக்கம் சுருக்கமாக. அதன் பெயர் "நாய்பாய்" என்று அவர் சொன்னபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பால்வெள்ளை என்று பொருளாம். கடைசியாகப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த ஒன்றைத் தூக்கினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், வெளிர்மஞ்சள் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக மூடி, கைக்குழந்தை போலக் கனத்தது. "இதுவும் பைச்சாய்தான். பெரிய பைச்சாய்."

தாவரவியல் படித்தவரைக் கேட்டால் நான்கும் ஒரே இனம் என்பார்: பிராசிக்கா ராப்பா. டர்னிப் கிழங்கும் அதே இனம். வட இந்தியாவில் எண்ணெய்க்காக விதைக்கும் மஞ்சள் சர்சோன் கடுகும் அதே இனம். கிழங்கு பெருத்தால் டர்னிப், விதை பெருகினால் எண்ணெய்க்கடுகு, இலையும் தண்டும் பெருத்தால் பைச்சாய். பல நூறு ஆண்டுகளாக விவசாயிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒரே செடி இத்தனை உருவம் எடுத்திருக்கிறது.

பெயரில் ஒரு மர்மமும் இல்லை. பை என்றால் வெள்ளை. சாய் என்றால் கீரை, காய்கறி, அப்புறம் சமைத்துத் தட்டில் வைக்கும் பதார்த்தமும் அதுதான். நம் காய்கறியில் இருக்கும் கறியும் சோற்றோடு பிசைந்து சாப்பிடும் கறியும் ஒரே சொல்லாக இருப்பது போல. ஆக, வெள்ளைக்கீரை. இவ்வளவு சாதுவான பெயர் எப்படி ஊருக்கு ஊர் வேறு வேறு காயைக் குறிக்கத் தொடங்கியது, கடல் தாண்டிப் போய் எப்படி ஆளுக்கொரு வேடம் போட்டது என்பதுதான் கதை.

வெள்ளைக்கீரை என்பது பின்னால் வந்து ஒட்டிய பெயர். பழைய பெயர் சோங். அதை எழுதும் விதம் அழகானது: பைன் மரத்தைக் குறிக்கும் எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் அடையாளத்தைச் சூட்டினால் சோங் கீரை. 1596இல் அச்சான புகழ்பெற்ற மூலிகை நூலில் சீன மருத்துவர் லீ ஷிசென் இதற்குப் பழைய விளக்கம் ஒன்றை எடுத்துச் சொல்கிறார். இந்தக் கீரை பனிக்காலத்தையும் தாங்கும், சீக்கிரம் வாடாது, பைன் மரத்தின் உறுதி அதற்கு உண்டு, அதனால் சோங். கையோடு இன்னொரு வரியும் சேர்க்கிறார்: இப்போது மக்கள் இதை பைச்சாய் என்கிறார்கள், நிறம் பச்சையும் வெள்ளையுமாக இருப்பதால். பழைய பெயரும் புதுப் பெயரும் அந்த ஒரே பத்தியில் கைமாறுவதைப் பார்க்கலாம்.

பைன் மர விளக்கத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சீன எழுத்துகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பாதி பொருளைச் சொல்லும், மறுபாதி ஓசையை மட்டும் சொல்லும். பைன் மரத்தின் பெயரும் சோங்தான் என்பதால் ஓசைக்காக அதைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். பிறகு வந்த புலவர்கள் அதில் மனவுறுதியைக் கண்டுபிடித்திருக்கலாம். ஊர்ப்பெயர்களுக்கு நம் தலபுராணங்கள் காரணம் சொல்லும் வேலை மாதிரிதான் இதுவும். ஆனால் பனி விஷயம் உண்மை. குளிர் ஏற ஏற இந்தக் கீரை தன் திசுக்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. நீர் உறைந்து உடைந்துவிடாமல் இருக்க அதற்கு அது தற்காப்பு, நமக்கு இனிப்பு. 5ஆம் நூற்றாண்டில் மலையில் தங்கி மரக்கறி மட்டுமே உண்டு வாழ்ந்த சௌ யோங் என்ற அறிஞரிடம் பட்டத்து இளவரசர், "கீரைகளில் எது சுவை மிகுந்தது?" என்று கேட்டாராம். "வசந்தம் தொடங்கும்போது முதலில் வரும் பூண்டுத்தாள், இலையுதிர்காலம் முடியும்போது கடைசியாக வரும் சோங்" என்று பதில் வந்தது. இரண்டாம் பாதியை மட்டும் பெய்ஜிங்கில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் இன்றும் ஒப்புக்கொள்வார்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 659ஆம் ஆண்டு சீனாவின் தாங் அரசவை ஒரு மருந்து நூலைத் தொகுத்தது. அதில் சோங் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. சோங் வடக்கு மண்ணில் விளையாது. ஒருவர் விதையை வடக்கே கொண்டுபோய் விதைத்துப் பார்த்தார். முதல் ஆண்டு பாதி டர்னிப் ஆகிவிட்டது. இரண்டாம் ஆண்டு சோங் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. டர்னிப் விதையைத் தெற்கே கொண்டுவந்தாலும் இரண்டே ஆண்டில் மாறிவிடுகிறது. எல்லாம் மண்ணின் குணம் என்று முடிக்கிறது நூல்.

கேட்பதற்குக் கட்டுக்கதை மாதிரி இருக்கிறது. ஆனால் எழுதியவர் தாம் கேட்டதைப் பொய்யில்லாமல் எழுதியிருக்கிறார். காரணம்தான் தவறு. இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். டர்னிப்பும் சோங்கும் ஒரே இனம் என்பதால் இதன் மகரந்தம் அதற்கும் செல்லும். அந்தக் காலத்தில் வடக்கே பக்கத்து வயலெல்லாம் டர்னிப். சுற்றிலும் மஞ்சள் பூ. நடுவில் நாலு சோங் செடி பூத்தால் அதன் விதை என்ன ஆகும்? மண்ணின் மேல் பழியைப் போட்டார்கள். வேலையைப் பார்த்தது தேனீ.

இதிலிருந்து நன்மையும் விளைந்தது. இன்று பெய்ஜிங்கில் பைச்சாய் என்று சொன்னால் நினைவுக்கு வரும், இலை மூடிக் கனத்த அந்தப் பெரிய உருவம், தெற்கின் சோங்கும் வடக்கின் டர்னிப்பும் பல தலைமுறை கலந்ததில் வந்தது என்று வலுவான கருத்து ஒன்று உண்டு. வடக்கே வாழாது என்று எழுதிவைத்த கீரையின் வாரிசுதான் பிற்காலத்தில் வடக்கின் குளிர்கால உணவையே ஆண்டது.

லீ ஷிசென் காலத்தில் பெய்ஜிங் தோட்டக்காரர்கள் இன்னொரு வித்தையும் செய்தார்கள். செடியை நிலவறைக்குள் வைத்துக் குதிரைச் சாணம் இட்டு, காற்றும் வெயிலும் படாமல் வளர்த்தார்கள். இருட்டில் பச்சையம் பிடிக்காததால் இலைகள் இளமஞ்சளாக, நார் இல்லாமல், மொறுமொறு என்று வந்தன. பணக்காரர்கள் அடித்துக்கொண்டு வாங்கினார்கள். அதற்கு மஞ்சள் முளைக்கீரை என்று பெயர். பிறகு விவசாயிகள் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், செடியே தன் இலைகளால் தன்னை மூடிக்கொண்டு உள்ளே தனக்கென ஒரு நிலவறையைக் கட்டிக்கொண்டது. குதிரைச் சாணத்துக்கு வேலை போனது, பெயர் போகவில்லை. தென்சீனாவின் குவாங்டோங் மக்கள் பெரிய பைச்சாயை இன்றும் "வோங் ங்கா பாக்" என்கிறார்கள்: மஞ்சள் முளை வெள்ளை. ஆஸ்திரேலியக் கடைகளில் அதுவே "வோங் பாக்" என்று சுருங்கிக் கிடக்கிறது. வெள்ளையும் மஞ்சளும் ஒரே பெயரில் எப்படி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது என் ஆன்ட்டியின் கேள்விக்கு வரலாம். எந்த பைச்சாய்?

பெய்ஜிங்கில் கேட்டால் இலை மூடிய பெரியது கிடைக்கும். குவாங்டோங்கின் துறைமுக நகரான குவாங்சோவில் அதே சொல்லைக் கேட்டால் வெள்ளைத் தண்டு தனித்தனியாக விரிந்த சின்னது வரும். ஷாங்காய்க்காரர் தங்கள் பச்சைத்தண்டுச் செடியை வெள்ளைக்கீரை என்று சொல்லக் கூச்சப்பட்டு "சிங்சாய்", அதாவது பச்சைக்கீரை என்கிறார்கள். நியாயம்தான். அதே பச்சைக்கீரையை பெய்ஜிங்கில் "யோசாய்", எண்ணெய்க்கீரை என்பார்கள். குவாங்டோங்கிலோ அது "ஷாங்காய் பாக்சோய்". இன்னொரு ஊரின் பெயரைப் போட்டுவிட்டால் தன் ஊர்க் கீரையோடு குழம்பாது அல்லவா?

எழுத்து ஒன்று, வாய் பல. வெள்ளை என்ற அந்தச் சொல்லின் கடைசியில் பழஞ்சீன மொழியில் ஒரு "க்" இருந்தது. வடக்கே மாண்டரினில் அது தேய்ந்து "பை" ஆகிவிட்டது. தெற்கே கான்டனீஸில் இன்றும் "பாக்". ஃபூஜியானின் ஹொக்கியன் பேச்சில் கடைசி ஒலி தொண்டையில் லேசாக அடைபட்டு நிற்க, "பெ" மட்டும் வெளியே கேட்கும். எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியதோ அந்த ஊர் உச்சரிப்பைச் சுமந்துகொண்டு கீரை கிளம்பியது.

1757 முதல் 1842 வரை ஐரோப்பியக் கப்பல்கள் சீனாவோடு வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறைமுகம் குவாங்சோ. 1849 தங்க வேட்டைக்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனவர்களும் குவாங்டோங்காரர்கள். எனவே ஆங்கிலத்துக்குக் கிடைத்தது கான்டனீஸ் வடிவம், கிடைத்த காயும் தெற்கத்தி விரிந்த கீரை. அமெரிக்காவில் போக் சோய், இங்கிலாந்தில் பாக் சோய் என்று முதல் எழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள். கான்டனீஸில் அந்த ஒலி அவர்களுடைய இரண்டு எழுத்துக்கும் நடுவில் இருப்பதுதான் சிக்கல். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. "ப" போட்டால் போதும்.

ஹொக்கியன் பேசுவோர் போன இடம் தென்கிழக்காசியத் தீவுகள். பிலிப்பைன்ஸில் அது "பெச்சாய்". அங்கே பெச்சாய் என்றால் விரிந்த கீரை. இலை மூடியதற்கு "பெச்சாய் பாகியோ". பாகியோ அவர்களுடைய மலைநகரம், நம் ஊட்டி மாதிரி. குளிர்ந்த இடத்தில் விளைவதால் அந்த அடைமொழி. மலாய்க்காரர்கள் சீனச் சொல்லை எடுக்காமல், கடுகுக்கீரை வகைக்கெல்லாம் தாங்கள் வைத்திருந்த "சாவி" என்ற சொல்லையே இந்தக் குடும்பத்துக்கும் நீட்டிவிட்டார்கள். இந்தோனேசியாவில் பெரிய பைச்சாய் "சாவி பூத்தே", அதாவது வெள்ளைச் சாவி. புதிதாக வரும் தமிழர் எவரும் முதல் நாள் பூட்டைத்தான் நினைப்பார்.

கொரியாவுக்குக் கீரை தரைவழியாக வடக்கிலிருந்து போயிற்று. அதனால் "க்" தேய்ந்த பிறகான உச்சரிப்பு போய்ச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டுக் கொரியப் பாடநூல் ஒன்றில் சோங் எழுத்துக்குப் பக்கத்தில் "பெச்செ" போல ஒலிக்கும் பெயரை எழுதியிருக்கிறார்கள். இன்று அது "பெச்சு". கொஞ்சம் இழுத்துச் சொல்லும் கொரியர் வாயில் கேட்டால் நம் "பேச்சு" மாதிரியே இருக்கும். கிம்ச்சி என்று உலகம் அறிந்த ஊறுகாயின் முழுப்பெயர் பெச்சு கிம்ச்சி.

ஜப்பானுக்குப் போன வழிதான் சுற்றுவழி. 1875இல் டோக்கியோ கண்காட்சிக்குச் சீனாவின் ஷான்டோங்கிலிருந்து மூன்றே மூன்று பைச்சாய்கள் வந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள், விதை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டு இலை மூடியது. அதிலிருந்து எடுத்த விதையில் மூடவில்லை. என்ன கீரை என்றே சொல்ல முடியாத ஏதோ ஒன்று முளைத்தது. 659ஆம் ஆண்டு நூலில் வந்த அதே கதை. ஜப்பானிலும் டர்னிப்பும் உள்ளூர்க் கீரைகளும் மண்டிக் கிடந்தன, தேனீக்களும் இருந்தன. சீனத்துடனும் ரஷ்யாவுடனும் நடந்த போர்களில் அங்கே போய் இந்தக் கீரையின் சுவை கண்ட வீரர்கள் விதையோடு திரும்பி வர, ஆசை மட்டும் பெருகியது. கடைசியில் மியாகி பகுதிக்காரர்கள் மட்சுஷிமா விரிகுடாவின் தீவுகளுக்கு விதைச்செடிகளைக் கொண்டுபோனார்கள். தேனீ தாண்ட முடியாத தண்ணீர் சுற்றிலும். பெயருக்கேற்ற கீரை ஆண்டாண்டாக அதே உருவில் வர அப்போதுதான் வழி பிறந்தது.

ஜப்பானில் அதன் பெயர் ஹாகுசாய். வெள்ளைக்கீரை என்ற அதே இரண்டு எழுத்துதான், ஜப்பானிய உச்சரிப்பில். அப்படியானால் அமெரிக்கர்கள் பெரிய பைச்சாயை "நாப்பா" என்று சொல்வது எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவில் திராட்சை மதுவுக்குப் பேர்போன நாப்பா பள்ளத்தாக்கு இருப்பதால், அங்கே விளைந்தது போலும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொடர்பே இல்லை. ஜப்பானியப் பேச்சுவழக்கில் இலைக்கீரைக்குப் பொதுவாக "நாப்பா" என்பார்கள். "நா" கீரை, "ப்பா" இலை. அந்த "நா"வை எழுதுவது சீனத்தின் "சாய்" எழுத்தைக் கொண்டுதான். ஜப்பானியர் "ஏதோ கீரை" என்று பொதுவாகச் சொன்ன சொல் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட காயின் பெயராக நிலைத்துவிட்டது. டோக்கியோ கடையில் போய் நாப்பா வேண்டும் என்று கேட்டால், "எந்தக் கீரை?" என்று திருப்பிக் கேட்பார்கள். என் ஆன்ட்டியைப் போல.

சரி, தமிழில் நாம் பொதுவாகச் சொல்வது சீன முட்டைக்கோஸ். அல்லது சைனீஸ் கேபேஜ். இந்தப் பெயரில் ஒரு பிசகு இருக்கிறது. முட்டைக்கோஸ் வேறு இனம், பிராசிக்கா ஒலரேசியா. ஐரோப்பியக் கடலோரத்துச் செடியிலிருந்து வந்தது. காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் அதன் உடன்பிறப்புகள். பைச்சாய் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. பார்க்க ஒரே மாதிரி இலை மூடியிருப்பதால் அதன் சீனக் கிளை என்று ஐரோப்பியர் பெயர் வைத்தார்கள், நாமும் வாங்கிக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பக்கத்திலும் இதையேதான் செய்தார்கள். ஐரோப்பிய முட்டைக்கோஸ் சீனாவுக்குப் போனபோது பெய்ஜிங்காரர்கள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று "யாங் பைச்சாய்": சீமைப் பைச்சாய். கொரியாவில் "யாங்பெச்சு": சீமைப் பெச்சு. அவர்கள் பார்வையில் நம் முட்டைக்கோஸ்தான் பைச்சாயின் அந்நியக் கிளை. தைவானில் அதற்கு "காவ்லி சாய்", கொரியக் கீரை! கொரியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கோஸைக் குறிக்கும் ஏதோ ஓர் ஐரோப்பியச் சொல் காதில் விழுந்து, தெரிந்த ஊர்ப்பெயர் போல ஒலித்திருக்க வேண்டும் என்பது பொதுவான ஊகம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போனால், சைனீஸ் கேபேஜோடு சேர்த்துப் புரோக்கோலி, ஐஸ்பெர்க் லெட்டூஸ், சுகுணி எல்லாவற்றுக்கும் "சைனீஸ் காய்கறி" என்றே பெயர். அதில் புரோக்கோலியும் சுகுணியும் இத்தாலியப் பெயர்கள். யாழ்ப்பாணத்தில் முட்டைக்கோஸைக் "கோவா" என்பார்கள். கோவா நகரத்துக்கும் அதற்கும் உறவில்லை, போர்த்துக்கீசியரின் "கோவ்" அது.

விஞ்ஞானிகளும் இதிலிருந்து தப்பவில்லை. லின்னேயஸ் 1755இல் விரிந்த கீரைக்குச் "சைனென்சிஸ்" என்று பெயரிட்டார். இந்தோசீனத்தில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் லூரேரோ 1790இல் மூடிய கீரைக்குப் "பெக்கினென்சிஸ்" என்றார். ஒன்று சீனத்தது, மற்றொன்று பீக்கிங்கினது. செடியைப் பற்றி இரண்டு பெயரும் ஒன்றும் சொல்லவில்லை. லூரேரோ ஒரு நல்ல காரியம் செய்தார்: அதைக் கோஸோடு சேர்க்காமல் கடுகு வகையில் வைத்தார். பூவைப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

பெயரின் ஓசை பணத்தையும் கொண்டுவந்தது. பைச்சாய் என்பதைச் சற்று மாற்றி உச்சரித்தால் "நூறு செல்வம்" என்று காதில் விழும். அதனால் சீனக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் பளிங்கில், கண்ணாடியில் செய்த பைச்சாய் உட்கார்ந்திருக்கும். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் கூட்டம் முண்டியடித்துப் பார்ப்பதும் ஒரு பைச்சாய்தான். 18.7 சென்டிமீட்டர் உயரம், ஒரே பச்சைக்கல். கல்லில் வெள்ளையாக இருந்த பாதியைத் தண்டாகவும் பச்சையாக இருந்த பாதியை இலையாகவும் செதுக்கியிருக்கிறார் பெயர் தெரியாத ஒரு சிற்பி. இலை நுனியில் ஒரு வெட்டுக்கிளி, பக்கத்தில் இன்னொரு பூச்சி. கல்லில் இருந்த விரிசல்களையும் கறைகளையும் இலை நரம்புக்குள் மறைத்துவிட்டார் என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நானும் தேடினேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

அரண்மனையில் பச்சைக்கல், வீட்டில் கொள்ளை மலிவு. சீனப் பேச்சில் "பைச்சாய் விலை" என்றால் அடிமாட்டு விலை. திட்டப் பொருளாதாரக் காலத்தில் பெய்ஜிங்கில் நவம்பர் தொடக்கத்தில் லாரி லாரியாகப் பைச்சாய் வந்து இறங்கும். பனிக்காலம் முழுவதற்கும் வேறு பச்சைக்காய் கிடையாது என்பதால் ஒவ்வொரு குடும்பமும் நூற்றுக்கணக்கில் கிலோ வாங்கி, மாடிப்படிக்குக் கீழேயும் பால்கனியிலும் அடுக்கிப் பழைய ரஜாய் போட்டுப் போர்த்திவைக்கும். மேல் இலைகள் காய்ந்து காகிதம் போல் ஆகிவிடும். உரித்தால் உள்ளே அப்படியே ஈரமாக இருக்கும். 1989இல் விளைச்சல் மிஞ்சிப்போனபோது, "தேசபக்திப் பைச்சாய்" வாங்குங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு கீரைக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைத்திருக்காது.

கொரியாவில் 2010இல் தலைகீழ் நிலைமை. மழை விளைச்சலைக் கெடுத்ததில் செப்டம்பர் கடைசியில் ஒரு பெச்சுவின் விலை 10,000 வொன்னைத் தாண்டியது. கிம்ச்சி போடும் பருவம் நெருங்கும் நேரம். தீபாவளிக்கு முன் எண்ணெயும் சர்க்கரையும் மூன்று மடங்கு ஏறினால் நம் ஊர் என்ன பாடுபடுமோ அந்தப் பாடு. சீனாவிலிருந்து இறக்குமதி செய்ய வரியைத் தளர்த்தினார்கள். அப்போதைய அதிபர் லீ மியுங்-பாக், தமக்கு இனி யாங்பெச்சுவில், அதாவது முட்டைக்கோஸில் கிம்ச்சி போட்டால் போதும் என்று சமையல்காரரிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. எளிமையைக் காட்ட நினைத்தார். முட்டைக்கோஸும் ஏறக்குறைய அதே விலைதான் விற்கிறது, அதிபர் கடைக்குப் போயே பல வருஷம் ஆகியிருக்கும் என்று மக்கள் இணையத்தில் வறுத்தெடுத்துவிட்டார்கள்.

அந்த பெச்சுவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதரைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. தாவரவியல் மாணவர்கள் "யூ முக்கோணம்" படித்திருப்பார்கள். முக்கோணத்தின் மூன்று முனையில் மூன்று இனங்கள்: பைச்சாயும் டர்னிப்பும் அடங்கிய ராப்பா (10 ஜோடி குரோமோசோம்), கருங்கடுகு (8 ஜோடி), முட்டைக்கோஸ் (9 ஜோடி). இரண்டிரண்டாகக் கலந்து முக்கோணத்தின் பக்கங்களில் மூன்று புது இனங்கள். ராப்பாவும் கருங்கடுகும் கலந்ததில் பிறந்தது 18 ஜோடி குரோமோசோம் உள்ள கடுகு. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருந்து எண்ணெயில் விழுந்து வெடிக்கிறதே, பெரும்பாலும் அதுதான். பைச்சாயின் ரத்தம் நம் தாளிப்பில் அன்றாடம் பொரிகிறது.

1935இல் இதை நிறுவிய ஆய்வாளர் கையெழுத்திட்ட பெயர் ஊ நாகஹாரு. ஆங்கிலத்தில் U என்ற ஒரே எழுத்தாகப் போனதால் அது வடிவத்தைக் குறிக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அது அவருடைய குடும்பப்பெயர். அப்பா கொரியர், 1895இல் கொரிய அரசி மின் கொல்லப்பட்ட சதியில் பங்குகொண்டு ஜப்பானுக்கு ஓடிவந்த ராணுவ அதிகாரி. ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 1903இல் இன்னொரு கொரியர் தேடிவந்து அவரைக் கொன்றார். மகனுக்கு அப்போது ஐந்து வயது. தாய் வறுமையில் வளர்த்தார், கொஞ்ச காலம் கோயில் அனாதை இல்லத்திலும் விட்டிருந்தார். பெரியவனானபின் ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்குத் தத்துப்போய்ச் சட்டப்படி சுனாகா என்ற பெயர் வந்தது. ஆய்வுக்கட்டுரைகளில் மட்டும் ஊ என்றே போட்டார். அந்த ஓர் எழுத்தை அவர் விடவில்லை.

1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த பிறகு கொரியாவில் விதை இல்லை. பெச்சு விதையும் முள்ளங்கி விதையும் அதுவரை ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தன. 1950 மார்ச்சில், கொரியப் போர் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு, மனைவி மக்களை ஜப்பானில் விட்டுவிட்டு அவர் பூசானுக்கு வந்தார். கொரிய மொழி சரியாக வராது. பூசானின் தொங்னே பகுதியில் ஆய்வுத்தோட்டம் அமைத்து, பெச்சுவுக்கும் முள்ளங்கிக்கும் தரமான விதையை உள்ளூரிலேயே உண்டாக்க வழி செய்தார். கொரியாவில் பலருக்கு அவர் விதையில்லாத் தர்பூசணியைக் கண்டுபிடித்தவர். அது தவறு. அதைச் செய்தவர் ஜப்பானியரான கிஹாரா. இவர் அதைக் கொரியாவில் விளைவித்துக் காட்டினார், அவ்வளவுதான். செய்த பெரிய வேலை பெச்சு. அது யாருக்கும் வியப்பாகத் தெரியவில்லை. தட்டில் தினமும் இருப்பது எப்படித் தெரியும்?

ஜப்பானில் ஊ நாகஹாரு என்று படிக்கப்பட்ட அதே மூன்று எழுத்துகளைக் கொரியர்கள் ஊ ஜாங்சுன் என்று படித்தார்கள்.

1953இல் ஜப்பானில் அவருடைய தாய் இறந்தார். இறுதிச்சடங்குக்குப் போக அரசு அனுமதி தரவில்லை. கொரியாவெங்குமிருந்து துக்கப்பணம் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் தண்ணீர்க் கஷ்டம் இருந்ததால் அந்தப் பணத்தில் ஒரு கிணறு தோண்டி, தாயின் பாலையும் அன்பையும் சொல்லும் பெயரை அதற்கு வைத்தார். அவர் 1959 ஆகஸ்டில் காலமானார். தொங்னேயில் இப்போது அவருக்கு ஒரு நினைவகம் இருக்கிறது. அந்தக் கிணறும் அங்கேயே இருக்கிறது.